தொட்டால் தளிர்க்கும் உயிர்

நம் ஆண்டவர் நோயாளரைக் குணப்படுத்திய நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். ஒரே சொல்லால், அதுவும் தொலைவில் இருந்தபடியே, நோய் தீர்க்க வல்லவர் அவர். நூற்றுவர் தலைவனின் ஊழியனை அவ்வாறே குணப்படுத்தினார். ஆயினும் பெரும்பாலான வேளைகளில் அவர் தொட்டார். ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளியைத் தொட்டார். இராயப்பரின் மாமியாரைக் கைப்பிடித்துத் தூக்கினார். யாயீரின் மகளுடைய கையைப் பற்றினார். குழந்தைகளைத் தாய்மார் கொண்டு வந்தபோது சீடர்கள் தடுத்தனர். அவரோ அக்குழந்தைகளை அரவணைத்து, தம் கைகளை அவர்கள்மீது வைத்து ஆசி வழங்கினார். திருச்சபையும் தன் ஆண்டவரிடமிருந்து இதையே கற்றுக்கொண்டது. நீர் வார்த்தல், தைலம் பூசுதல், தலைமீது கை வைத்தல் என நம் அருட்சாதனங்களில் பல உடலைத் தொட்டே உள்ளத்திற்கு அருளைக் கொண்டு சேர்க்கின்றன.

இவ்வுண்மையின் மற்றொரு முகத்தை நாம் கண்டது மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். அதைப் பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு உரையாட விழைகிறோம். ஏனெனில் நம் பங்குகளில் குறைமாதக் குழந்தை பிறக்கும் வீடுகள் பல. அவ்வீடுகளில் அச்சமும் அறியாமையும் சேர்ந்து, அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு நல்ல மருந்தைத் தடுத்து நிறுத்துவதையும் நாம் காண்கிறோம். தாய் தந்தையரின் தொடுதலே அம்மருந்து.

பங்குத் தந்தையாகப் பணிபுரிவோர்க்கு அந்த அறைக்குள் செல்லும் வாய்ப்பு அவ்வப்போது வாய்க்கிறது. “சாமி, பிள்ளைக்கு ரொம்ப முடியல, ஞானஸ்நானம் கொடுக்கணும்” என்று நள்ளிரவிலும் அழைப்பு வரும். சாகும் ஆபத்திலிருக்கும் குழந்தைக்குக் காலந்தாழ்த்தாமல் திருமுழுக்கு அளிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குரு வந்து சேர இயலாத அவசர வேளையில் யாரும் அதை அளிக்கலாம் என்பதையும் வாசகர்கள் நினைவிற்கொள்வது நன்று. வாயிலில் காலணியைக் கழற்றி, கைக்கடிகாரத்தை நீக்கி, முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, அவர்கள் தரும் அங்கியை அணிந்து உள்ளே செல்வோம். அங்கே, கண்ணாடிப் பெட்டிக்குள், நம் உள்ளங்கையில் அடங்கிவிடும் போன்ற ஒரு மனித உயிர் கிடக்கும். உள்ளோடும் இரத்த நாளங்கள் தெரியுமளவுக்குத் தோல் மெல்லியது. செவிலியர் வெதுவெதுப்பாக்கித் தரும் நீரைச் சிறு ஊசிக்குழலில் எடுத்து மும்முறை தலையில் வார்ப்போம். இத்தகைய ஆபத்தில் உறுதிபூசுதலையும் குருவே வழங்கலாம். கிறிஸ்மா தைலம் தோய்ந்த நம் கட்டைவிரல் அந்த நெற்றி முழுவதையும் மூடிவிடும்.

அந்நேரங்களில் நம் உள்ளத்தில் எழுந்த எண்ணம் இது: இக்குழந்தையைத் தொடுவோர் பலர், ஆனால் அத்தொடுதல்களில் எத்தனை அன்புக்காக மட்டுமே நிகழ்பவை? இரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்துகிறார்கள். நரம்பில் ஊசி ஏற்றுகிறார்கள். மூக்கின் வழியே குழாய் செலுத்துகிறார்கள். தொண்டையில் தேங்கும் சளியை உறிஞ்சி எடுக்கிறார்கள். இவை யாவும் உயிர் காக்கும் செயல்கள். செய்பவர்களும் பரிவு மிக்கவர்கள். ஆனால் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? கை ஒன்று நெருங்கினால் வலி வரும் என்பதுதான் உலகத்தைப் பற்றி அது பயிலும் முதற்பாடமாகிறது.

தோல் அறியும் மொழி

ஐம்புலன்களில் முதலில் விழிப்பது தொடு உணர்வே. தாய் வயிற்றில் ஏறத்தாழ 8 வாரக் கருவாக இருக்கும்போதே வாயைச் சுற்றியுள்ள தோல் தொடுதலை உணரத் தொடங்குகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. செவியும் கண்ணும் பின்னரே வருகின்றன. கருவறைக்குள் குழந்தை எப்பக்கம் அசைந்தாலும் மென்மையான ஒரு சுவர் அதை அணைத்து நிற்கும். 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தை அந்த அணைப்பைப் பருவம் வருமுன் இழக்கிறது. கைகால்கள் வெட்டவெளியில் துழாவுகின்றன; பற்றிக்கொள்ள ஏதுமில்லை. பிரகாசமான விளக்கும், இயந்திரங்களின் ஓசையும், அடிக்கடி நேரும் வலியும் சேர்ந்து அதை வாட்டுகின்றன. அந்த வாட்டம் உடலிலே தெரிகிறது: இதயம் படபடக்கிறது, மூச்சு இடையிடையே நிற்கிறது, இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு இறங்குகிறது. வளர்வதற்குச் செலவாக வேண்டிய சிறிதளவு சக்தியும் போராடுவதிலேயே கரைந்துபோகிறது.

இந்நிலையில் தாயோ தந்தையோ நிதானமாக ஒரு கையைக் குழந்தையின் தலைமீது கவித்து, மறு கையால் மடித்த கால்களையும் பாதங்களையும் அணைத்து, அசையாமல் வைத்திருந்தால், இழந்த கருவறைச் சுவரின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றதுபோல் அது அமைதியுறுகிறது. திருவள்ளுவர் மக்கட்பேற்றைப் பற்றிப் பேசும்போது, பிள்ளைகளைத் தொடுவதால் பெற்றோர் அடையும் இன்பத்தை எடுத்துரைத்தார். பெற்றோர் தொடுவதால் பிள்ளை அடையும் நன்மையை இக்கால மருத்துவம் அளந்து காட்டுகிறது.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே

ஆனால் மருத்துவ உலகம் இதை எளிதில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் பெற்றோர் நுழையத் தடை இருந்தது. கிருமித் தொற்று நேரும் என்ற அச்சமே காரணம். அவ்வச்சம் பொருளற்றதும் அன்று. தாய்மார் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று தம் பிள்ளையை வாரக்கணக்கில் பார்த்தார்கள். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், தாய்மாரை நன்கு கை கழுவச் செய்து உள்ளே அனுமதித்துத் தம் குழந்தைகளைத் தொடவிட்டனர். அஞ்சியவாறு தொற்று பெருகவில்லை. 1970ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரை பல மருத்துவமனைகளின் கதவுகளை மெல்லத் திறந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஏழை நாடொன்றிலிருந்து பிறந்தது. நம்மைப்போல் கத்தோலிக்க மறை தழுவிய மக்கள் மிகுந்த கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. அங்கு ஏழைத் தாய்மாருக்கான பெரிய மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் என்னும் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தினர். ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றியது. தொட்டுப் பழகாத பிள்ளையை அங்கேயே விட்டுச் சென்ற தாய்மாரும் இருந்தனர். 1978ஆம் ஆண்டு மருத்துவர் எட்கர் ரேய் என்பவர், ஓரளவு தேறிய குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோல்மேல் தோல் படும்படி கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து மருத்துவர் எக்டர் மார்த்தினெஸ் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். கங்காரு என்னும் விலங்கு மிகச் சிறிய உருவில் குட்டியை ஈன்று, வயிற்றுப் பையில் வைத்தே வளர்ப்பதை நாம் அறிவோம். ஆகவே இம்முறைக்குக் கங்காரு பராமரிப்பு என்ற பெயர் நிலைத்தது.

தொடக்கத்தில் இதை ஏழைகளுக்கு ஏற்ற மாற்று ஏற்பாடு என்றே பலரும் எண்ணினர். பெட்டி வாங்கப் பணமில்லாதவர்கள் தாயின் நெஞ்சைப் பயன்படுத்துகிறார்கள் என்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, பெட்டிகள் நிறைந்த செல்வ நாடுகளும் இம்முறையைக் கைக்கொண்டன. வீடு கட்டுவோர் ஒதுக்கிய கல்லே மூலைக்கல் ஆயிற்று என்பது நம் மறைநூல் காட்டும் இறைவனின் வழியன்றோ!

எண்கள் சொல்லும் சான்று

பக்திப் பேச்சு வேறு, மருத்துவம் வேறு என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காகச் சில உண்மைகளைக் குறிப்பிடுகிறோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குதிகாலில் ஊசி குத்தும்போது தாயின் மார்போடு அணைக்கப்பட்டிருந்த நிறைமாதக் குழந்தைகள், தொட்டிலில் கிடந்த குழந்தைகளைவிட 82 சதவீதம் குறைவாக அழுதன. அவற்றின் இதயத் துடிப்பும் அவ்வளவாக உயரவில்லை.

2021ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளோடு நம் இந்தியாவும் அதில் பங்கேற்றது. இங்கே தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் அது நடைபெற்றது. 1 கிலோவுக்குக் குறையாமலும் 1 கிலோ 800 கிராமை எட்டாமலும் பிறந்த 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினர். தாய்க்கும் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே படுக்கை தரப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் அக்குழந்தைகள் தாயின் அல்லது அவளுக்குத் துணையானவரின் நெஞ்சிலேயே இருந்தனர். மற்றப் பிரிவினர்க்கு வழக்கம்போல், உடல்நிலை சீரான பின்னரே தொடங்கினர். 28 நாளில் முதற்பிரிவில் நூற்றுக்கு 12 குழந்தைகளும், மற்றதில் நூற்றுக்கு 16க்குச் சற்றுக் குறைவாகவும் இறந்தனர். 27 குழந்தைகளை இவ்வாறு பேணினால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது என்பது இதன் பொருள். நன்மை இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், மறுக்கப்படும் பிரிவினர்க்கு அநீதி ஆகாதவாறு ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டனர்.

இதையடுத்து 2022ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம், குறைமாதமாகவோ எடை குறைந்தோ பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்தது முதலே, நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை இயன்ற அளவு இம்முறையைப் பின்பற்றுமாறு பரிந்துரைத்தது. தானாக மூச்சுவிட இயலாதவை, மூச்சு இயந்திரம் தேவைப்படுபவை முதலான கடுமையான நிலையிலுள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் நாட்டிலும் 2014இல் மைய அரசு கங்காரு பராமரிப்புக்கான நெறிகளை வெளியிட்டது. பச்சிளங்குழந்தைகளின் சிறப்புப் பிரிவுகளில் பெற்றோரையும் குடும்பத்தாரையும் பராமரிப்பில் பங்குபெறச் செய்யும் நெறிகள் 2017இல் வந்தன. ஆகவே “உள்ளே போகலாமா? தொடலாமா?” என்று கேட்பது தாய் தந்தையரின் உரிமை, கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வலை இழுத்த கை

நாம் பணிபுரியும் பங்கு கடற்கரையில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில், விசைப்படகில் வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்கு முதற்குழந்தை பிறந்தது. தாய்க்கு இரத்த அழுத்தம் கடுமையாக ஏறியதால் 7ஆம் மாதத்திலேயே அறுவை செய்து எடுத்தனர். எடை 1 கிலோ 150 கிராம். தாய் வேறொரு பிரிவில் தன் உயிருக்கே போராடிக்கொண்டிருந்தாள். திருமுழுக்கு அளித்து முடித்ததும், செவிலியர் அத்தந்தையை அழைத்துக் குழந்தையைத் தொடச் சொன்னார். அவர் இரு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இது வலை இழுக்கிற கை சாமி. கயிறு அறுத்து அறுத்துக் காய்ச்சுப் போயிருக்கு. இதுல தொட்டா பிள்ளைக்குத் தோலு உரிஞ்சிராதா?” என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். அலைக்கும் காற்றுக்கும் அஞ்சாத அம்மனிதர் நடுங்கி நின்றார்.

செவிலியர் அவர் கையைப் பிடித்துப் பெட்டியின் துவாரத்தின் வழியே உள்ளே கொண்டு சென்றார். தலையில் ஒரு கை, கால்களில் ஒரு கை. தொட்டவுடன் குழந்தை திடுக்கிட்டது; திரையில் பிராணவாயுவின் எண் இறங்கியது. அவர் கையை இழுக்கப் போனார். “எடுக்காதீங்க அண்ணே. தடவவும் வேண்டாம். அசைக்காம அப்படியே வைங்க” என்றார் செவிலியர். நாமும் அருகில் நின்றோம். சிறிது நேரத்தில் குழந்தையின் விரிந்த விரல்கள் மடங்கின. மூச்சு சீராகியது. எண் மெல்ல மேலேறி நிலைத்தது. அந்த எண்ணின் பொருளை அவர் அறிந்திருக்கவில்லை. ஆனால் தம் உள்ளங்கைக்குள் நிகழ்ந்த மாற்றத்தை அறிந்துகொண்டார். “தூங்கிட்டான் சாமி” என்று அவர் சொன்ன குரல் இன்றும் நம் காதில் இருக்கிறது.

சில நாட்களில் குழந்தையை அவர் நெஞ்சிலேயே வைத்துக் கட்டினர். கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பார். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குள் சென்றன. 61 நாள் வருமானமின்றி இருந்த வீடு அது. ஆயினும் மனைவி எழுந்து வரும்வரை, இரண்டு வாரம் அவர் கடலேறவில்லை. படகில் சென்ற தோழர்கள் பிடித்த மீனின் வருவாயில் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைத்தார்கள். அச்செய்தியைக் கேட்டபோது, நாம் பீடத்திலிருந்து நிகழ்த்திய பல மறையுரைகளைவிட அச்செயல் சிறந்த மறையுரை என்று எண்ணினோம். பின்னர்த் தாயும் தேறி வந்து, மாறி மாறிச் சுமந்தார்கள். குழந்தை பிழைத்தது.

எப்படித் தொடுவது?

நம் தாய்மாருக்குப் பயன்படும் என்பதால் முறையையும் சுருக்கமாகக் கூறுகிறோம். எதையும் மருத்துவர், செவிலியரின் அனுமதியோடும் மேற்பார்வையோடுமே செய்ய வேண்டும். முதலில் மோதிரம், வளையல், கடிகாரம் யாவற்றையும் கழற்றிக் கைகளை நன்கு கழுவ வேண்டும். சளியோ காய்ச்சலோ தோல் நோயோ இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். மிகச் சிறிய குழந்தையை வருடுவதும் தட்டிக்கொடுப்பதும் அதற்குச் சுமையாகிவிடும். கையை மெதுவாக வைத்து, அசையாமல் இருந்து, மெதுவாக எடுப்பதே நல்லது. தொடுமுன் தாழ்ந்த குரலில் பேசினால் குழந்தை திடுக்கிடாது. தாயின் குரலை அது வயிற்றிலேயே கேட்டுப் பழகியிருக்கிறது. விரல்களை விரித்து விறைப்பதும், விக்கல் எடுப்பதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும், நிறம் மாறுவதும் களைப்பின் அடையாளங்கள். அப்போது சற்று ஓய்வு தர வேண்டும்.

கங்காரு முறையில், குல்லாயும் காலுறையும் இடுப்புத் துணியும் மட்டும் அணிந்த குழந்தையைத் தாயின் மார்பகங்களுக்கிடையே நிமிர்ந்த நிலையில் படுக்க வைப்பர். கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சுப்பாதை அடைபடாதவாறு சற்றே நிமிர்ந்திருக்கும். மேலே துணியால் அணைத்துக் கட்டுவர். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும். அடிக்கடி எடுத்து மாற்றுவது குழந்தையைக் களைப்பூட்டும். தாயின் உடல் வெப்பமே குழந்தையைக் காக்கிறது. தாய்ப்பாலும் பெருகுகிறது. தாய்க்கு இயலாதபோது தந்தையோ பாட்டியோ அத்தையோ அவ்வாறே சுமக்கலாம்.

தேறாத குழந்தைகளும் தொட இயலாத தாய்மாரும்

தொட்ட குழந்தைகள் யாவும் பிழைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அன்பு எல்லா மரணத்தையும் தடுத்திருந்தால் நாயீனூர்க் கைம்பெண்ணின் மகன் இறந்திருக்க மாட்டான். நம் பங்கில் ஒரு தாய்க்கு 19 நாள் மட்டுமே வாழ்ந்த ஆண்குழந்தை பிறந்தது. கடைசி ஆறு நாட்கள் அவள் அவனை நெஞ்சில் சுமந்தாள். அங்கேயே அவன் உயிர் பிரிந்தது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் அவள் நம்மிடம், “ஆறு நாளு என் நெஞ்சுலதான் கெடந்தான் சாமி. அவன் அம்மா யாருன்னு அவனுக்குத் தெரியும்” என்றாள். அழுதாள், ஆனால் உடைந்துபோகவில்லை. இன்னொரு வீட்டிலோ, குழந்தையை வேறு ஊருக்குக் கொண்டு சென்றுவிட, பெற்றவள் அறுவைப் புண்ணோடு பிறந்த ஊரிலேயே கிடந்தாள். “பாத்தா மனசு விட்டுரும், பாக்க வேண்டாம்” என்று பெரியவர்கள் தடுத்துவிட்டனர். அக்குழந்தையும் இறந்தது. ஆண்டுகள் பல சென்றபின்னும் அத்தாய் கேட்பது ஒன்றே: “அது எப்படி இருந்துச்சு சாமி?” முதல் தாயின் துயரத்திற்கு ஒரு முகம் இருந்தது; இவளுடைய துயரத்திற்கு முகமே இல்லை. பெரியவர்கள் இரக்கத்தாலேயே தடுத்தார்கள். எனினும் அந்த இரக்கம் அவளைக் காக்கவில்லை.

இதைப் படிக்கும் தாய்மாரில், பல காரணங்களால் முதல் நாட்களில் பிள்ளையைத் தொட முடியாமற்போனவர்கள் இருக்கலாம். அவர்கள் கலங்க வேண்டாம். பிறந்த சில மணி நேரத்திற்குள் அணைத்தால்தான் பாசம் ஒட்டும் என்ற கருத்து 1970களில் பரவலாகப் பேசப்பட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் அத்தகைய குறுகிய எல்லை மனிதருக்கு இல்லை என்று தெளிவுபடுத்தினர். உரிய நேரத்தில் பூசாவிட்டால் இறுகிப்போகும் சிமெண்டு அன்று பாசம். தாமதமாய்த் தொடங்கினாலும் அது வேர் கொள்ளும். தத்தெடுத்த பிள்ளைகளை வளர்ப்போர் இதை அறிவர். திருக்குடும்பத்தின் தலைவரான புனித சூசையப்பர், தம் உதிரத்தில் பிறவாத திருமகனைக் கையில் ஏந்தி எகிப்துக்குச் சுமந்து சென்றார். அவரினும் சிறந்த தந்தை யார்?

நாம் செய்ய வேண்டியது

நாளுக்கு 8 மணி நேரம் பிள்ளையை நெஞ்சில் சுமக்க வேண்டுமென்றால், தாய்க்கு முதலில் 8 மணி நேரம் வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளை அழுகிறது, சோறாக்க ஆளில்லை, பேருந்துக் கட்டணம் இல்லை, கணவர் வேலைக்குப் போகாவிட்டால் அன்றாடக் கூலி இல்லை. ஏழைக் குடும்பத்தில் தொடுதலைத் தடுப்பது பெரும்பாலும் அன்பின்மையன்று; நேரமின்மையே. ஆகவே இது அத்தாயின் கடமை மட்டுமன்று, நம் அனைவரின் கடமையுமாகும்.

மாமியார்மாரே, அத்தைமாரே, குறைமாதப் பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழக்கிவிடாதே என்று இளந்தாயைத் தடுக்காதீர்கள். அந்தக் கைச்சூடுதான் அதற்கு மருந்து. தீட்டு என்றும் கண்ணேறு என்றும் சொல்லிப் பிரித்து வைக்காதீர்கள். மாறாக, அவள் மருத்துவமனையில் அமர்ந்திருக்கும்போது அவள் வீட்டு அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள். கணவன்மாரே, பிள்ளையைச் சுமப்பது பெண் வேலை என்று வாயிலிலேயே நின்றுவிடாதீர்கள். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் அன்பியத்தினரும், நோயாளரைச் சந்திக்கும்போது இக்குடும்பங்களைத் தேடிச் செல்லுங்கள். ஒரு வேளைச் சோறு, ஒரு நாள் பேருந்துக் கட்டணம், மூத்த பிள்ளைக்கு ஓர் இரவு தங்க இடம் ஆகியவை சிறிய உதவிகளாகத் தோன்றலாம். ஆனால் அவை ஒரு தாயின் கையை அவள் குழந்தையின்மேல் இன்னும் ஒரு மணி நேரம் வைத்திருக்க உதவும்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 17ஆம் நாளை உலகம் குறைமாதக் குழந்தைகளின் நாளாக அனுசரிக்கிறது. அந்நாளை ஒட்டிய ஞாயிறுத் திருப்பலியில், நம் பங்குகளின் விசுவாசிகள் மன்றாட்டில் இக்குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் நினைவுகூருமாறு உடன்குருக்களை வேண்டுகிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இவ்வேளையில் தனித்துக் கிடக்கும் ஒவ்வொரு சிறு உயிர்மீதும், குழந்தைகள்மேல் தம் திருக்கரங்களை வைத்து ஆசி அளித்த ஆண்டவர், அவரவர் தாய் தந்தையரின் கைகளாலேயே தம் கையை வைப்பாராக!